கட்ச் பூத்தையல்: வீட்டிற்குள் செய்யும் உழைப்பும் அதன் கூலியும்

குஜராத் மாநிலத்தின் மேற்குக் கோடியில் அமைந்துள்ள கட்ச் மாவட்டம் 45,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்புடையது. இந்திய மாவட்டங்களுள் அளவில் இதுவே பெரியது. ஆயினும் அதன் பெரும் பகுதி உப்புப் படிந்த ரண் நிலமாகும். மழை குறைவு, அதுவும் பல ஆண்டுகளில் பொய்த்துவிடுகிறது. வேளாண்மையை மட்டும் நம்பி வாழ இயலாத இந்நிலத்தில் கால்நடை வளர்ப்பும் கைவினைத் தொழில்களும் மக்களுக்குத் துணையாக இருந்து வந்துள்ளன.

அக்கைவினைகளுள் துணி நெய்தல், அச்சிடுதல், சாயமிடுதல் ஆகியவை பெரும்பாலும் ஆடவர் பட்டறைகளில் நடத்தும் தொழில்கள். பூத்தையலோ பெண்கள் தம் வீட்டில் இருந்தபடியே செய்வது. நீர் எடுத்து, சமைத்து, கால்நடைகளைக் கவனித்து, குழந்தைகளை உறங்கவைத்த பின் கிடைக்கும் பொழுதில் ஊசியும் நூலும் கைக்கு வருகின்றன. பட்டறை வேலைக்கு நேரக் கணக்கு உண்டு. வீட்டு வேலைக்கு அத்தகைய கணக்கு இல்லை. அது ‘ஓய்வு நேர வேலை’ என்று பெயர் பெற்றுவிடுகிறது. கட்ச் பூத்தையலின் அழகைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுள்ளது. அதனைச் செய்யும் பெண்ணின் நேரம் எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பது குறைவாகவே ஆராயப்பட்டுள்ளது. இத்தொழிலின் எதிர்காலம் பெரிதும் அக்கணக்கையே பொறுத்துள்ளது.

தையல் வகைகள்

கட்ச் பூத்தையல் என்பது ஒரே வகையான வேலையன்று. ஒவ்வொரு சமூகத்திற்கும் தனித்தனி மரபு உண்டு. ஒரு பெண்ணின் மேலாடையைக் கண்டே அவர் எந்தச் சமூகத்தவர் என அறிந்துகொள்ளும் நிலை நெடுங்காலம் இருந்தது.

நாடோடிக் கால்நடை வளர்ப்போரான ரபாரிப் பெண்கள் சங்கிலித் தையலால் உருவங்களின் வரம்பை அமைத்து, இடையிடையே பல வடிவக் கண்ணாடித் துண்டுகளைப் பதிக்கின்றனர். ஆஹிர் சமூகத்தினரின் வேலையில் மலர்களும் மயில்களும் மிகுதி. பன்னி புல்வெளியில் வாழும் முத்வா சமூகத்தினர் மிகச் சிறிய கண்ணாடிகளைக் கொண்டு நுண்ணிய வேலை செய்வதில் பெயர் பெற்றவர்கள். கராசியா ஜாட் பெண்கள் தம் மேலாடையின் மார்புப் பகுதி முழுவதையும் குறுக்குத் தையலால் நிரப்புகின்றனர்.

1971ஆம் ஆண்டுப் போரையொட்டிச் சிந்து மாகாணத்தின் தார்பார்க்கர் பகுதியிலிருந்து வந்து குடியேறிய சோடா, மேக்வால் குடும்பங்கள் வேறு சில மரபுகளையும் தம்முடன் கொண்டுவந்தன. அவற்றுள் ‘சூஃப்’ எனப்படும் தையல் தனித்தன்மை வாய்ந்தது. இதற்குத் துணியின்மேல் எந்தக் கோடும் வரையப்படுவதில்லை. துணியின் பின்புறத்திலிருந்து பாவு நூலையும் ஊடை நூலையும் எண்ணி எண்ணி ஊசி செலுத்தப்படுகிறது. முன்புறத்தில் முக்கோணங்களாலான வடிவம் தோன்றுகிறது. ஓர் இழை தவறினால் முழு வடிவமும் கோணிவிடும். கூரிய கண்பார்வையும் மனத்திற்குள்ளேயே போடப்படும் வடிவக் கணக்கும் இதற்கு வேண்டும். பேரீச்சம் பழத்தின் பெயரைத் தாங்கிய ‘காரெக்’ தையலும் இவ்வாறு இழைகளை எண்ணிச் செய்வதே. முதலில் கறுப்பு நூலால் சட்டம் அமைத்து, பின்னர் அதன் உட்பகுதி நெருக்கமான தையல்களால் நிரப்பப்படுகிறது. ‘பக்கோ’ என்னும் வகையில் தையல் துணியைக் கெட்டியாக மூடிவிடுகிறது. ‘உறுதியானது’ என்பதே அச்சொல்லின் பொருள்.

கண்ணாடியும் ஒட்டுத் துணியும்

கட்ச் வேலையின் மற்றொரு சிறப்பு, நூலுடன் வேறு பொருள்களும் அதில் இணைவதாகும். ‘ஆப்லா’ எனப்படும் கண்ணாடித் துண்டில் துளை கிடையாது. ஆதலின் அதனை நேராகத் தைக்க முடியாது. முதலில் கண்ணாடியின்மேல் குறுக்கும் நெடுக்குமாக நான்கு அல்லது எட்டு இழைகளை இழுத்து ஒரு பிடிமானம் அமைக்கப்படுகிறது. பின்னர் அவ்விழைகளையும் அடித்துணியையும் மாறிமாறிப் பற்றிக்கொண்டு ஊசி சுற்றி வருகிறது. பிடிமான இழைகள் ஓரத்திற்கு இழுக்கப்பட்டுக் கண்ணாடியைச் சுற்றி நூல் வளையம் உருவாகிறது. இழைகள் தளர்ந்திருந்தால் கண்ணாடி நாளடைவில் நழுவிவிடும். மிகையாக இறுகினால் துணி சுருங்கிவிடும். சட்டைப் பொத்தான் அளவுள்ள ஒரு கண்ணாடிக்குப் பல தையல்கள் தேவைப்படுகின்றன. ஒரு சிறு துணிப்பையிலேயே இத்தகைய கண்ணாடிகள் பல இடம்பெறுகின்றன என்பதிலிருந்து இவ்வேலையின் அளவை உணரலாம்.

‘கதாப்’ எனப்படும் ஒட்டுத் துணி வேலையும் வீடுதோறும் நடைபெறுவது. பழைய துணிகளை வடிவங்களாக வெட்டி, ஓரத்தை மடித்து, மற்றொரு துணியின்மேல் வைத்துத் தைப்பர். கிழிந்த ஆடைகளைப் பல அடுக்காக அடுக்கி ஓட்டுத் தையலிட்டுக் கனத்த மெத்தை விரிப்புகளும் செய்வர். மணி, சோழி, குஞ்சம், சரிகைப் பட்டி ஆகியவையும் தேவைக்கேற்பச் சேர்க்கப்படுகின்றன. எதையும் வீணாக்காத குடும்பச் சிக்கனமே இக்கலையின் ஒரு வேர் எனலாம்.

சீர்வரிசையிலிருந்து சந்தைக்கு

இவ்வேலைகள் தொடக்கத்தில் விற்பனைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. மகளின் திருமணச் சீர்வரிசைக்காகவும், குழந்தையின் தொட்டிலுக்காகவும், ஒட்டகத்தின் அலங்காரத்திற்காகவும் செய்யப்பட்டவை. ஊதியம் என்ற எண்ணமே இல்லாததால் நேரத்தைப் பற்றிய கவலையும் எழவில்லை.

பஞ்ச காலங்களில் இந்நிலை மாறியது. கால்நடைகளை இழந்த குடும்பங்கள் பெட்டியில் இருந்த சீர்வரிசைத் துணிகளை விற்கத் தொடங்கின. தலைமுறைகளாகக் காத்து வந்த பொருள்கள் வியாபாரிகளின் கைக்கு மிகக் குறைந்த விலையில் சென்றன. அவற்றுட் பல துண்டு துண்டாக வெட்டப்பட்டு, ஒன்றாக இணைக்கப்பட்டு, நகரக் கடைகளில் சுவர்த் தொங்கல்களாயின.

1969ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது தானேட்டி என்ற கிராமத்திற்கு நிவாரணப் பணிக்காகச் சென்ற சந்தா ஷ்ராஃப், அங்குள்ள பெண்கள் இலவச உதவியை ஏற்கத் தயங்குவதையும், தம் கைவேலைக்குக் கூலி பெற விரும்புவதையும் கண்டார். சேலைகளைக் கொடுத்துப் பூத்தையல் செய்வித்து அவற்றை மும்பையில் விற்கும் முயற்சி அதிலிருந்து தொடங்கியது. ‘ஸ்ருஜன்’ என்ற நிறுவனம் இவ்வாறு உருவாயிற்று. இப்பணிக்காக அவருக்கு 2006ஆம் ஆண்டில் ரோலெக்ஸ் விருது வழங்கப்பட்டது. அரசுத் துறையில், 1973ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட குஜராத் மாநிலக் கைவினை வளர்ச்சிக் கழகம் ‘குர்ஜரி’ விற்பனை நிலையங்களின் வாயிலாகக் கைவினைப் பொருள்களுக்கு நகரச் சந்தையைத் திறந்துவிட்டது. 1993ஆம் ஆண்டில் ‘கலா ரக்ஷா’ அமைப்பும், 1997ஆம் ஆண்டில் கைவினைப் பெண்களையே உரிமையாளர்களாகக் கொண்ட ‘கசப்’ அமைப்பும் தோன்றின. 2001 ஜனவரி 26 அன்று கட்ச் மாவட்டத்தை நிலைகுலையச் செய்த நிலநடுக்கத்திற்குப் பின்னர், வீட்டை இழந்த பல குடும்பங்களுக்குப் பூத்தையலே முதலில் கைக்கு எட்டிய வருவாயாக இருந்தது.

ஒரு சமூகத்தின் தீர்மானம்

வீட்டு உழைப்பிற்கும் ஒரு விலை உண்டு என்பதைச் சமூகமே உணர்ந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. தேபரியா ரபாரி சமூகத்தில், மணப்பெண் குறிப்பிட்ட அளவு பூத்தையல் துணிகளைச் செய்து முடித்த பின்னரே கணவன் வீட்டிற்குச் செல்லும் வழக்கம் இருந்தது. எதிர்பார்க்கப்படும் துணிகளின் எண்ணிக்கை காலப்போக்கில் பெருகியது. அவற்றை முடிப்பதற்கு ஆண்டுக்கணக்கில் காலம் பிடித்ததால் பெண்கள் கணவன் வீடு செல்வது தள்ளிப்போயிற்று. 1995ஆம் ஆண்டில் சமூகப் பெரியவர்கள் கூடி, தம் சமூகத்தினர் சொந்தப் பயன்பாட்டிற்காகப் பூத்தையல் செய்வதையே தடைசெய்தனர்.

வெளியிலிருந்து நோக்குவோர்க்கு இது ஒரு கலையின் இழப்பாகத் தோன்றலாம். அத்தீர்மானத்தின் உட்பொருள் வேறு. ‘ஓய்வு நேர வேலை’ எனப்பட்டது ஒரு பெண்ணின் இளமைக் காலத்தையே எடுத்துக்கொண்டது என்ற உண்மையை அது ஒப்புக்கொண்டது. ரபாரிப் பெண்களும் அலங்காரத்தைக் கைவிடவில்லை. கடைகளில் கிடைக்கும் நாடா, சரிகைப் பட்டி, வளைவு நாடா ஆகியவற்றைத் துணியில் வைத்துத் தையல் இயந்திரத்தால் விரைவாகத் தைக்கும் புதிய பாணியை அவர்கள் உருவாக்கினர். தடை எதற்கு, எது தடைக்கு உட்படாதது என்பதை நன்கறிந்து அவர்கள் கண்ட வழி இது.

கூலிக் கணக்கு

சந்தைக்காகச் செய்யும் வேலையில் இதே கேள்வி வேறு உருவில் எழுகிறது. வீட்டில் செய்யும் பூத்தையலுக்குப் பெரும்பாலும் உருப்படிக்கு இவ்வளவு என்ற முறையிலேயே கூலி வழங்கப்படுகிறது. இம்முறையில் வேலைக்கு ஆகும் நேரம் கூலி கொடுப்பவர் கண்ணிலும் படுவதில்லை. பெறுபவர் கணக்கிலும் வருவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டினைக் கொள்வோம். கீழ்வரும் எண்கள் விளக்கத்திற்காக எடுத்துக்கொள்ளப்பட்டவையே; எந்த ஊரின் கூலியையும் குறிப்பன அல்ல. கண்ணாடி வேலையுடன் கூடிய ஒரு திண்டு உறைக்கு ரூ. 480 கூலி என வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் வீதம் எட்டு நாட்களில் அது முடிகிறது. எட்டு நாட்களில் 480 ரூபாய் கிடைத்ததாகவே குடும்பம் கருதும். உண்மையில் அது 24 மணி நேர வேலை. மணிக்கு 20 ரூபாய்தான் கிடைத்துள்ளது. நூலும் துணியும் வாங்கிவரச் சென்ற நேரம், முடிந்த பொருளைக் கொண்டுபோய்க் கொடுத்த நேரம், குறை சொல்லித் திருப்பியதைத் திருத்திய நேரம் ஆகியவை மூன்று மணி நேரம் எனின் மொத்தம் 27 மணி நேரமாகும். நூலுக்கு அவரே 60 ரூபாய் செலவிட்டிருந்தால் எஞ்சுவது 420 ரூபாய். அப்போது மணிக்குக் கிடைப்பது 16 ரூபாய்க்கும் குறைவு.

அப்பகுதியில் எட்டு மணி நேர வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி 400 ரூபாய் எனக் கொண்டால், 24 மணி நேர வேலை மூன்று நாள் வேலைக்குச் சமம். நூல் செலவு நீங்கலாக அவ்வுறைக்கு 1,200 ரூபாய் கூலி தரப்பட வேண்டும். 480 ரூபாய்க்கும் 1,200 ரூபாய்க்கும் இடையேயுள்ள தொகை யாருடைய பையிலிருந்து வருகிறது என்று கேட்டால், அது அப்பெண்ணின் உறக்கத்திலிருந்தும் கண்பார்வையிலிருந்தும் வருகிறது என்பதே விடை. மங்கிய ஒளியில் குனிந்தமர்ந்து இழைகளை எண்ணுவோருக்குக் கண் வலியும் கழுத்து வலியும் முதுகு வலியும் ஏற்படுவது இயல்பு. அவற்றுக்கான செலவு எந்த விலைச்சீட்டிலும் இடம்பெறுவதில்லை.

கூலி குறைவு தொழிலின் தரத்தையும் பாதிக்கிறது. உருப்படிக்குக் கூலி குறைந்தால் தையலின் நீளம் கூடுகிறது; நிரப்ப வேண்டிய இடம் வெற்றிடமாக விடப்படுகிறது; சிறு கண்ணாடிகளின் இடத்தைப் பெரியவை பிடிக்கின்றன. சூஃப் போன்ற கடின வகைகளை விட்டு எளிய வகைகளுக்கு மாறுவதே தைப்பவருக்கு இலாபமாகிறது. அவ்வாறு எளிமையாக்கப்பட்ட வேலையை இயந்திரம் எளிதில் பின்பற்றிவிடும். சூரத் போன்ற நகரங்களில் கணிப்பொறியால் இயங்கும் பூத்தையல் இயந்திரங்கள் மிகுந்துள்ள இந்நாளில், தரத்தில் இறங்கிய கைவேலை இயந்திரத்தோடு விலையில் போட்டியிட வேண்டியதாகிறது. அப்போட்டியில் கை வெல்ல முடியாது. ஆதலின் உரிய கூலி என்பது தொழிலாளர் நலனைச் சார்ந்தது மட்டுமன்று. மரபைக் காப்பதற்கும் அதுவே வழி.

சட்டமும் நடைமுறையும்

வீட்டில் இருந்து உழைப்போரைச் சட்டம் அறவே மறந்துவிடவில்லை. 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், வேறொருவர் கொடுக்கும் பொருள்களைத் தம் வீட்டில் வைத்துச் செய்துகொடுக்கும் வெளிப்பணியாளரையும் தொழிலாளர் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. பொருளை அழகுபடுத்தும் வேலையும் அதில் குறிப்பிடப்பட்டிருந்தது. உருப்படிக் கூலிக்கும் குறைந்தபட்ச வீதம் நிர்ணயிக்க அச்சட்டம் வகை செய்தது. எனினும் அட்டவணையில் சேர்க்கப்பட்ட தொழில்களுக்கே அது பொருந்தியது.

1972ஆம் ஆண்டில் அகமதாபாத்தில் எலா பட் தொடங்கிய சுயதொழில் மகளிர் சங்கமான ‘சேவா’, வீட்டுத் தொழிலாளர் பிரச்சினையை நாட்டின் கவனத்திற்குக் கொண்டுவந்தது. அவர் தலைமையில் அமைந்த தேசிய ஆணைக்குழு 1988ஆம் ஆண்டில் ‘ஸ்ரம்சக்தி’ என்ற அறிக்கையை அளித்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996ஆம் ஆண்டில் வீட்டு வேலை பற்றிய 177ஆம் எண் உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா அதற்கு இன்னும் ஒப்புதல் வழங்கவில்லை. அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2008ஆம் ஆண்டில் இயற்றப்பட்டபோது ‘வீடுசார் தொழிலாளர்’ என்பதற்கு வரையறை தரப்பட்டது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அவ்வரையறை இடம்பெற்றுள்ளது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு, அட்டவணை என்ற எல்லையை நீக்கி, நேரக் கூலிக்கும் உருப்படிக் கூலிக்கும் குறைந்தபட்ச வீதங்களை நிர்ணயிக்க இடமளிக்கிறது. இவ்விரு தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன.

சட்டத்தில் இடம் கிடைப்பது வேறு. கணக்கில் இடம் கிடைப்பது வேறு. வேலை தருபவர் யார் என்று கேட்டாலே பதில் கிடைப்பது அரிது. ஏற்றுமதியாளர் ஒரு வியாபாரிக்கும், வியாபாரி ஊரிலுள்ள முகவருக்கும், முகவர் பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுக்கின்றனர். எழுத்து மூலமான சான்று எங்கும் இருப்பதில்லை. 2023ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களுள் தையற்காரர் இடம்பெற்றுள்ளார். பூத்தையல் தனித் தொழிலாக இடம்பெறவில்லை. கட்ச் பூத்தையல் புவிசார் குறியீடு பெற்றுள்ளது. அக்குறியீடு பொருளின் பிறப்பிடத்திற்கே சான்று, தைத்தவருக்குக் கிடைத்த கூலிக்குச் சான்றன்று.

செய்யத்தக்கவை

முதலாவதாக, ஒவ்வொரு தையல் வகைக்கும் நேர ஆய்வு நடத்தப்பட வேண்டும். நடுத்தர வேகமுடைய சில பெண்களிடம் ஒரே மாதிரியைக் கொடுத்து, ஆகும் நேரத்தைக் குறித்து, சராசரி காணலாம். கண்ணாடி வேலையாயின் கண்ணாடியின் எண்ணிக்கையையும், சூஃப், காரெக் போன்றவற்றில் நிரப்பப்படும் பரப்பையும் அலகாகக் கொண்டு உருப்படிக் கூலியை வகுப்பது கடினமன்று. இவ்வாய்வில் தைக்கும் பெண்களே பங்கு கொள்ள வேண்டும். கலா ரக்ஷா அமைப்பில் கைவினைப் பெண்களே தம் வேலையின் விலையைத் தீர்மானிக்கும் முறை பின்பற்றப்பட்டது, இது நடைமுறைக்கு ஒத்ததே என்பதைக் காட்டுகிறது.

இரண்டாவதாக, வேலை கொடுக்கும்போதே ஒரு சீட்டு தரப்பட வேண்டும். பொருளின் வகை, கொடுத்த மூலப்பொருள், மதிப்பிட்ட நேரம், கூலி, கொடுத்தவரின் பெயர் ஆகியவை அதில் இருத்தல் வேண்டும். தகராறு எழும்போது இச்சீட்டே சான்றாகும். 2021ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இ-ஸ்ரம் பதிவிலும், கைவினைஞர் அடையாள அட்டையிலும் குடும்பத் தலைவரின் பெயருக்குப் பதிலாகத் தைப்பவரின் பெயரே இடம்பெறுமாறு அலுவலர்கள் கவனிக்க வேண்டும். கூலி அவருடைய வங்கிக் கணக்கில் சேர வேண்டும்.

மூன்றாவதாக, நல்ல ஒளியும் காற்றும் உள்ள பொது இடம் ஒன்று கிராமத்தில் அமைவது பயன் தரும். வீட்டிலேயே தைக்க விரும்புவோர் அங்கேயே தைக்கலாம். நூல் பெறவும் பொருளை ஒப்படைக்கவும் கூலி விவரத்தை ஒப்பிட்டுப் பார்க்கவும் இவ்விடம் உதவும். தனித்தனி வீடுகளில் இருப்போர் ஒருவர் பெறும் கூலியை மற்றவர் அறியாதிருப்பதே முகவரின் பலமாகும்.

நான்காவதாக, வடிவமைப்பிலும் பெண்களுக்குப் பங்கு வேண்டும். பிறர் வரைந்து தரும் மாதிரியைத் தைப்பவர் வெறும் கூலியாள் ஆகிறார். தாமே வடிவம் அமைப்பவர் தம் அறிவுக்கும் விலை கேட்கிறார். 2005ஆம் ஆண்டில் கைவினைஞர்களுக்கென்றே கட்ச் பகுதியில் தொடங்கப்பட்ட கலா ரக்ஷா வித்யாலயா இந்நோக்கம் கொண்டதே.

ஐந்தாவதாக, வாங்குவோரும் அறிய வேண்டும். துணியின் விலைச்சீட்டில் அதன் விலையும் ஊரின் பெயரும் அச்சிடப்படுகின்றன. அத்துடன் அப்பொருளுக்கு எத்தனை மணி நேர வேலை ஆயிற்று என்பதையும் குறிப்பிடலாம். அரசு விற்பனை நிலையங்கள் இதனை முதலில் மேற்கொண்டால் பிறரும் பின்பற்றக்கூடும்.

கட்ச் பெண்கள் இழைகளை எண்ணித் தைப்பதில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தவர்கள். தம் உழைப்பு நேரத்தை எண்ணுவதும் அவர்களுக்குக் கடினமன்று. அந்த எண்ணிக்கையை ஏற்று, அதற்குரிய கூலியை உறுதிசெய்யும் ஏற்பாடே இதுவரை குறைவாக இருந்து வந்துள்ளது. அதனை நிறைவு செய்யும் பொறுப்பு அரசுக்கும் கூட்டுறவு அமைப்புகளுக்கும் வாங்குவோருக்கும் உரியது.